உஷார்! வீட்டு பில் எல்லாம் ஒரே போனில்

‘அன்புள்ள நுகர்வோரே, உங்களுடைய சென்ற மாத பில் அப்டேட் ஆகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் மின்வாரிய அதிகாரியைத் தொடர்புகொள்ளுங்கள்.’ கீழே பத்து இலக்கத்தில் ஒரு செல்போன் எண்.

ஆங்கிலத்தில் வரும் இந்த எஸ்.எம்.எஸ். 2022-லிருந்து நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மின்வாரியம் எச்சரித்தது, காவல்துறை எச்சரித்தது, பத்திரிகைகள் எழுதின. அப்படியும், கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் போனுக்கு ஒரு சாயங்காலம் அது வந்து விழுந்தபோது அவர் நம்பிவிட்டார். 87,500 ரூபாய் போய்விட்டது.

ஏமாந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘பேராசை’ என்போம், ‘விவரம் தெரியாதவர்’ என்போம். பெரியப்பா இரண்டும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். மளிகைக் கடையில் ஐம்பது காசு கூடினால்கூட சீட்டைத் திருப்பிக் கொடுத்துக் கூட்டச் சொல்வார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இ.பி. ஆபீஸுக்கு நடந்து போய், வரிசையில் நின்று, பணத்தை எண்ணிக் கட்டி, ரசீதை அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். அந்த அட்டை மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கும். எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய், எந்தத் தேதியில் கட்டியது என்று வீட்டில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பாவின் மகன், என் அண்ணன், ஓசூரிலிருந்து வந்திருந்தபோது, ‘இனிமே நீங்க வெயில்ல அலைய வேணாம்ப்பா’ என்று சொல்லி எல்லாவற்றையும் தன் போனில் ஏற்றிக்கொண்டான். கரன்ட் பில், கேஸ், பிராட்பேண்ட், கேபிள், சொத்து வரி, பெரியம்மாவின் மருத்துவக் காப்பீடு எல்லாமே ஒரே செயலியில். மின்வாரியத்தில் பதிவு செய்திருந்த செல்போன் எண்ணையும் தன் எண்ணாக மாற்றிக்கொண்டான். மகன் செய்தது முழுக்க முழுக்கப் பாசத்தில். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கே பெரியப்பாவின் கையைவிட்டு ஒன்று போய்விட்டது. பில் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, கட்டியாயிற்றா இல்லையா என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ஆணியில் தொங்கிய அட்டையில் எழுத்து நின்றுபோயிருந்தது.

‘பில் கட்டவில்லை’ என்று அந்த எஸ்.எம்.எஸ். வந்தபோது, ‘போடா, நான்தான் கட்டிட்டேனே’ என்று சொல்ல அவரிடம் ஒரு சீட்டு இல்லை. நான் இதை எழுதுவதே இதைச் சொல்வதற்காகத்தான். மோசடிக்காரன் அவருடைய பேராசைக்குள் நுழையவில்லை. மகனுக்குத் தெரிந்ததற்கும் அப்பாவுக்குத் தெரியாததற்கும் நடுவே இருந்த இடைவெளிக்குள் நுழைந்தான்.

நடந்ததைக் கேளுங்கள். சாயங்காலம் ஆறேமுக்கால். பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தார். பெரியப்பா அந்த எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தவன் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். ‘என் பையன் ஆன்லைன்ல கட்டுவானே’ என்று இவர் சொல்ல, அவன் அதையே பிடித்துக்கொண்டான். ‘ஆமா சார், உங்க பையன் கட்டியிருக்கார். ஆனா எங்க சிஸ்டத்துல அப்டேட் ஆகலை. நீங்க பத்தே பத்து ரூபா கட்டினீங்கன்னா பழைய பேமென்ட் தானா அப்டேட் ஆயிடும்’ என்றான். பத்து ரூபாய்க்கு யார் சந்தேகப்படுவார்கள்? பிறகு ஒரு செயலியை இறக்கச் சொன்னான். அது நம் போன் திரையை இன்னொருவர் தூரத்தில் இருந்தபடியே பார்க்க உதவும் செயலி. அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் பயன்படுவது. திரையில் வந்த எண்களை அவன் கேட்டான், இவர் வாத்தியார் குரலில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். அடுத்து ஒரு லிங்க் வந்தது. அதில் ஏ.டி.எம். கார்டு எண்ணை அடித்து பத்து ரூபாய் கட்டச் சொன்னான். இவர் அடித்தது அத்தனையும் அவன் கண்ணில் பட்டது. ஓ.டி.பி. வந்ததும் அவனுக்கே தெரிந்தது. இவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. முதலில் 49,000. நாலு நிமிஷம் கழித்து 38,500.

வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வரத்தான் செய்தது. ஆனால் அவன் போனை வைக்கவே விடவில்லை. ‘லைன்லயே இருங்க சார், அப்டேட் ஆகுது’ என்று பேச்சை நீட்டிக்கொண்டே இருந்தான். பேசி முடித்ததும் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்பதரை ஆயிற்று. விசிறி நிற்கவில்லை. அப்பாடா என்று போய்ப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் மெசேஜைப் பார்த்தார். அப்போதும் மகனுக்குப் போன் போடவில்லை, எனக்குத்தான் போட்டார். குரலே வரவில்லை. ‘தம்பி, ஒரு தப்பு பண்ணிட்டேம்ப்பா. அண்ணன்கிட்ட சொல்லிடாத’ என்பதுதான் முதல் வார்த்தை. அந்த வெட்கத்தில் இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று. நாங்கள் 1930-ஐ அழைத்தபோது பணம் போய் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது எந்தக் கணக்குக்குப் போனதோ, அங்கிருந்து வேறு இரண்டு மூன்று கணக்குகளுக்குத் தாவி, வெளியே எடுக்கப்பட்டுவிட்டது.

அந்த மாதக் கரன்ட் பில் 640 ரூபாய். அண்ணனின் போனிலிருந்து அது பதினொரு நாள் முன்னாலேயே தானாகக் கட்டப்பட்டிருந்தது.

எல்லா பில்லையும் ஒரே இடத்தில் கட்டும் ஏற்பாடு மோசமானது என்று நான் சொல்லவில்லை. அதை உண்டாக்கியது ரிசர்வ் வங்கி. 2014 நவம்பரில் அதற்கான வழிகாட்டு நெறிமுறை வந்தது. என்.பி.சி.ஐ. என்கிற தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் கீழ் ‘பாரத் பில் பேமென்ட்’ என்ற பெயரில் அது வளர்ந்தது, இப்போது ‘பாரத் கனெக்ட்’ என்று பெயர் மாறியிருக்கிறது. நீங்கள் கூகுள் பேயில் கட்டினாலும் போன்பேயில் கட்டினாலும் உங்கள் வங்கியின் செயலியில் கட்டினாலும், பெரும்பாலான பில்களுக்கு உள்ளே ஓடும் தண்டவாளம் இதுதான். நீங்கள் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பில் தொகையை அது கொண்டுவந்து காட்டும். கட்டியதும் ஒரு பரிவர்த்தனை எண் தரும். புகார் சொல்ல வழி வைத்திருக்கும். கவுன்ட்டர் வரிசையில் கால் கடுக்க நின்ற தலைமுறைக்கு இது பெரிய வசதி. ஆனால் எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் கோத்தவர்கள் அந்தக் கொத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பஸ்ஸில் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர்களின் போனைக் கவனியுங்கள். புத்தகம் மாதிரி மடிக்கும் கவர். கவருக்குள் ஏ.டி.எம். கார்டு. போனுக்குள் சிம். யு.பி.ஐ. பின்னைப் புதிதாக மாற்ற என்ன வேண்டும் தெரியுமா? கார்டின் கடைசி ஆறு எண், அது காலாவதியாகும் மாதம், வருஷம், செல்லுக்கு வரும் ஓ.டி.பி. சில வங்கிகள் கூடவே ஏ.டி.எம். பின்னையும் கேட்கும். அதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கார்டுக்குப் பின்னால் சொருகி வைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கவரோடு போனைப் பறிகொடுத்தால், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு வந்த கதைதான். தயவுசெய்து இந்த வரியைப் படித்து முடித்ததும் கார்டைக் கவரிலிருந்து வெளியே எடுங்கள்.

போனுக்குப் பூட்டு போட்டிருக்கிறேன், பயமில்லை என்பீர்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அங்கே போகும். அதற்குத்தான் சிம்முக்கென்றே தனியாக ஒரு பின் இருக்கிறது. போன் செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ என்று தேடினால் கிடைக்கும். அதைப் போட்டுவிட்டால், வேறு போனில் சிம் நுழைந்த உடனே அந்த எண்ணைக் கேட்கும். நம்மில் நூற்றுக்கு ஒருவர்கூட இதைப் போட்டு நான் பார்த்ததில்லை. ஒன்று கவனம்: முதன்முதலில் கேட்கும் பின் என்ன என்பதை உங்கள் செல்போன் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மூன்று முறை தப்பாக அடித்தால் சிம் முடங்கிவிடும். இன்னொரு ஆபத்து, பூட்டிய திரையிலேயே ஓ.டி.பி. பளிச்சென்று தெரிகிற மாதிரி வைத்திருப்பது. நோட்டிஃபிகேஷனில் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது.

பில் கட்டும் செயலியோடு எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதும் முக்கியம். சம்பளம் வரும் கணக்கு, ஓய்வூதியம் வரும் கணக்கு, பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்க்கும் கணக்கு என்று இருப்பதையெல்லாம் இணைத்து வைத்திருக்கிறார்கள். வேண்டாம். பில்லுக்கென்று ஒரு சிறு கணக்கு. மாதம் பிறந்ததும் அந்த மாதத்துக்குத் தேவையான தொகை மட்டும் அதற்குள் போகட்டும். நாளைக்கு எது நடந்தாலும் போவது அந்தச் சிறு தொகையோடு நிற்கும். பெரியப்பாவின் வீட்டில் இப்போது இப்படித்தான் இருக்கிறது. இதை முன்னாலேயே செய்து, அன்றைக்கு அந்தச் சிறு கணக்கின் கார்டு எண்ணையே அடித்திருந்தால் 87,500 போயிருக்காது, மூவாயிரமோ நாலாயிரமோ போயிருக்கும்.

அடுத்து ஆட்டோபே. தானாகக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு. இதற்கு ரிசர்வ் வங்கி நல்ல கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய் வரைதான் ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்காமல் கழியும். காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பரிலிருந்து அது ஒரு லட்சம். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யவும் உரிமை உண்டு. எல்லாம் சரி. அந்த 24 மணி நேரத் தகவலை யார் படிக்கிறார்கள்? கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் நாற்பது மெசேஜ்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடக்கிறது. அனுமதி கொடுக்கும்போது செயலி காட்டும் உச்சவரம்பை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு பிராட்பேண்ட் 700 ரூபாய் என்றால் உச்சவரம்பு ஆயிரம் போதும்.

கரன்ட் பில்லை ஆட்டோபேயில் விடுவது எனக்கு அறவே பிடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. அதற்குக் கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்து ஏறும். ரீடிங் எடுக்க வருகிறவர் அறுபது நாளில் வராமல் எழுபதாவது நாளில் வந்தால், 470-ல் நிற்க வேண்டிய வீடு 540-ஐத் தாண்டிவிடும். இது நடக்கிற விஷயம். போன தடவை எந்தத் தேதி, இந்தத் தடவை எந்தத் தேதி என்று பார்க்கிறவர் பிரிவு அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தில் 94987 94987 எண்ணில் புகார் சொல்லலாம். ஆட்டோபேயில் விட்டவருக்கு வித்தியாசமே தெரியாது. பணம் போகும், ‘வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது’ என்று பச்சை டிக் வரும், அவ்வளவுதான். பில்லைக் கண்ணால் பார்ப்பது கட்டுவதைவிட முக்கியமான வேலை.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்னையில் வாடகை வீடு மாறினார். புது வீட்டு இணைப்பு எண்ணைச் சேர்த்தார், பழையதை எடுக்க மறந்தார். பழைய வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு ஏ.சி. போட்டிருக்கிறார்கள். மூன்று பில், அதாவது ஆறு மாதம், யாரோ ஒருவருடைய குளிர்ச்சிக்கு இவர் பணம் கட்டியிருக்கிறார். கட்டிய பணம் அந்த இணைப்பின் கணக்கில் முறையாக வரவாகிவிட்டது. பிழை இவருடையது, யாரிடம் போய்க் கேட்பது? வீடு மாறுகிறவர்கள் சிலிண்டரையும் பீரோவையும் வண்டியில் ஏற்றும் அன்றே செயலியில் இருக்கும் பழைய எண்ணையும் எடுத்துவிடுங்கள். புது எண்ணைச் சேர்க்கும்போது திரையில் வரும் பெயர் வீட்டு உரிமையாளருடையதுதானா என்று பார்க்காமல் பணத்தை அனுப்பாதீர்கள். ஒரு எண் மாறினாலும் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

மோசடிக்காரர்கள் காத்திருக்கும் இன்னொரு இடம் இருக்கிறது. பில் கட்டுகிறீர்கள். பணம் கழிந்துவிட்டது, ஆனால் ‘நிலுவையில்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசித் தேதி வேறு. பதற்றத்தில் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுகிறீர்கள். மேலே வந்து நிற்கும் எண்ணுக்கு அடிக்கிறீர்கள். அந்த எண் நிறுவனத்தினுடையதாக இல்லாமல், மோசடிக்காரன் போட்டு வைத்ததாக இருக்கலாம். நீங்களே வலியப் போய் அவனைக் கூப்பிடுகிறீர்கள் என்பதால் உங்களுக்குச் சந்தேகமே வராது. உதவி எண்ணைச் செயலிக்கு உள்ளேயோ, பழைய காகித பில்லின் பின்பக்கத்திலோ மட்டும் பாருங்கள். உண்மையில் அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது பொறுத்திருப்பதுதான். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. யு.பி.ஐ.யில் கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய பணம் கழிந்தும் அங்கே போய்ச் சேர்ந்ததாக உறுதியாகவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. பணத்தைத் திரும்பப் பெற நீங்கள் பின் அடிக்க வேண்டியதே இல்லை. யு.பி.ஐ. பின் என்பது பணம் கொடுக்கத்தான், வாங்க இல்லை. ‘ரீஃபண்டுக்குப் பின் போடுங்க’ என்று ஒருவன் சொன்னால் அவன் திருடன்.

வாட்ஸ்அப்பில் ‘பில் விவரம்’ என்று ஒரு ஃபைல் வருகிறதா? பெயரின் கடைசியில் ‘ஏ.பி.கே.’ என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் அது பில் இல்லை, ஒரு செயலி. தொட்டு நிறுவிவிட்டால் உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் மோசடிக்காரனுக்கும் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள். அவருடைய போன் ஏற்கெனவே அவன் பிடிக்குள் போயிருக்கலாம்.

சரி, மிரட்டல் எஸ்.எம்.எஸ். வந்தே விட்டது, என்ன பார்ப்பது? பெரியப்பாவுக்கு வந்ததில் இணைப்பு எண் இல்லை. தொகை இல்லை. பெயர் இல்லை. சாதாரண செல்போன் எண்ணிலிருந்து வந்தது. மின்வாரியமோ வங்கியோ அனுப்பும் தகவல் பத்து இலக்க எண்ணிலிருந்து வராது, எழுத்துகளால் ஆன சுருக்கப் பெயரிலிருந்து வரும். இரவு ஒன்பதரை மணிக்குக் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்க யாரும் வர மாட்டார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் எழுத்து மூலம் 15 முழு நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. அப்படியே ஃபியூஸைப் பிடுங்கினாலும் என்ன? ஒரு ராத்திரி விசிறி இல்லாமல் படுக்கலாம், மறுநாள் பணத்தைக் கட்டி இணைப்பைத் திரும்பப் பெறலாம். அந்த ஒரு இரவுப் புழுக்கத்துக்குப் பயந்துதான் வாழ்நாள் சேமிப்பைத் தூக்கிக் கொடுக்கிறோம்.

பணம் போய்விட்டால் முதல் வேலை 1930. அழுவதும் சண்டை போடுவதும் பிறகு. அது மத்திய உள்துறையின் சைபர் குற்ற உதவி எண். உடனே சொன்னால், பணம் போன வங்கிக்கு அந்தக் கணத்திலேயே தகவல் போய், இன்னும் எடுக்கப்படாத தொகையை முடக்கி வைக்க முடியும். நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். அடுத்தது உங்கள் வங்கி. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. உங்கள் தப்பும் இல்லை, வங்கியின் தப்பும் இல்லை, நடுவில் யாரோ புகுந்து எடுத்தார்கள் என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நட்டம் உங்களுடையது இல்லை. ஆனால் ரகசிய எண்ணை நீங்களே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் நிமிஷம் வரை போனது உங்கள் கணக்கில்தான். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. பெரியப்பாவிடம் வங்கியில் இதைத்தான் காட்டினார்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான உதவி எண் 14448.

இவ்வளவும் திருடர்களைப் பற்றி. திருடனே இல்லாமல் வரும் ஆபத்து ஒன்று உண்டு. அதைச் சொல்ல மனம் கனக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. கணவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வீட்டு பில் அத்தனையும் அவர் போனில். போன் திறப்பது அவர் கைரேகையில். காரியம் முடியும் வரை யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. முதலில் இன்டர்நெட் நின்றது. பிறகு கரன்ட் பில் கடைசித் தேதி தாண்டியது. எந்த இணைப்பு எண், எந்த வங்கி, என்னென்ன பாலிசி என்று அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு நடுவில் குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டிய நாளும் போய், அதற்குப் பிறகு தரும் 30 நாள் சலுகைக் காலமும் போய்விட்டது. வருஷக்கணக்கில் கட்டிச் சேர்த்த தொடர்ச்சி அறுந்தது. சர்க்கரை நோய்க்காரரான அக்கா புதிதாகப் பாலிசி எடுத்து, காத்திருப்புக் காலத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு வருஷம் கழித்துத்தான் அவர் இதை என்னிடம் சொன்னார். ‘அவர் இருந்தவரைக்கும் நான் எதையும் பார்க்க வேண்டியிருந்ததில்லை தம்பி. அதைப் பெருமையா நினைச்சேன்’ என்றார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மின் இணைப்பு எண், கேஸ் நுகர்வோர் எண், சொத்து வரி எண், பாலிசி எண்கள், எது எந்தக் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் போகிறது என்று எழுதி, வீட்டில் இன்னொருவருக்குக் காட்டி, ரேஷன் கார்டோடு வையுங்கள். பின் நம்பரையும் கடவுச்சொல்லையும் அதில் எழுதக் கூடாது. இந்த எண்களை வைத்து யாரும் உங்கள் பணத்தை எடுக்க முடியாது, ஆனால் இவை இல்லாமல் உங்கள் வீட்டார் ஒன்றும் செய்ய முடியாது. சொத்து வரிக்கு எதிரே மட்டும் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் நம் ஊர்களில் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு.

அண்ணன் இப்போதும் ஓசூரிலிருந்துதான் பில் கட்டுகிறான். ஆனால் மின்வாரியத்தில் பதிவான எண் மறுபடி பெரியப்பாவுடையது. பில் தகவல் அவருக்கு வருகிறது. அவர் மீட்டரைப் பார்த்து ரீடிங் சரியென்று சொன்ன பிறகுதான் அண்ணன் கட்டுகிறான். கட்டியதும் போன் போட்டுத் தொகையைச் சொல்கிறான். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே பழைய வெள்ளை அட்டையில் தேதி, யூனிட், ரூபாய் எழுதி, ஆணியில் மாட்டுகிறார். போன மாதமும் அந்த எஸ்.எம்.எஸ். வந்ததாம். எழுந்து போய் அட்டையைப் பார்த்தார், போனை ஓரமாக வைத்துவிட்டார்.

போன 87,500-இல் இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு நீங்கள் பில் கட்டுகிறவராக இருந்தால் இன்றைக்கே போன் போடுங்கள். ‘கரன்ட் பில் கட்டியாச்சுப்பா, இன்ன தேதியில இவ்வளவு ரூபா. யார் என்ன சொன்னாலும் மொதல்ல எனக்கு ஒரு போன் போடுங்க. எது நடந்திருந்தாலும் நான் திட்ட மாட்டேன்’ என்று சொல்லுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.